நூலகத்துக்கு வந்த கூட்டம்

"தள்ளி உட்காருங்க கண்ணுங்களா, இன்னொரு ஆளுக்கு இடம் விடுங்க."

இதைச் சொல்லிக்கொண்டே நூலக ஆசிரியை பெஞ்சில் இருந்த தன் கைப்பையை எடுத்து இடம் விட்டார். அந்தப் பள்ளி நூலகத்தில் உட்கார இடம் போதாமல் போய் எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன.

போன மாதம் வரைக்கும் அங்கே ஈ காக்கை எட்டிப் பார்த்ததில்லை. "யாருமே வராத ரூமுக்கு எதுக்கும்மா பூட்டும் சாவியும்? பரீட்சை முடிஞ்சதும் லைப்ரரியை எடுத்துட்டு இங்க கம்ப்யூட்டரை இறக்கிடலாம். நீங்களும் வேற வேலை பார்த்துக்குங்க" என்று தலைமையாசிரியர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அன்று அலமாரிகளைத் துடைத்தபடியே ஆசிரியை வேண்டிக்கொண்டார். 'கடவுளே, என் வேலை போனாலும் போகட்டும். இந்தப் புத்தகங்களைத் தொட்டுப் பார்க்க நாலு பிள்ளைகளை அனுப்பு.'

அனுப்பிவிட்டார் கடவுள். இப்போதெல்லாம் பீரியடுக்குப் பீரியட் பிள்ளைகள் வந்தார்கள். தலையைக் குனிந்தபடி நுழைந்து, கொடுத்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்தார்கள்.

என்ன அடக்கம் என்று ஆசிரியை பூரித்துப்போனார். ஆடுகிற பெஞ்சின் காலுக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்தார். கைப்பையில் மிட்டாய் வாங்கி வைத்துக்கொண்டார்.

"இப்பல்லாம் இங்க ரொம்பத்தான் குப்பை சேருது மிஸ்" என்று பெருக்க வந்த ஆயா அலுத்துக்கொண்டாள்.

"சேரட்டும்க்கா. பிள்ளைங்க நடமாடுற இடம்னா அப்படித்தான் இருக்கும்."

நேற்று தலைமையாசிரியரே வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். "பரவாயில்லையே, ரூம் நல்லாப் பயன்படுது. இருக்கட்டும், லைப்ரரியை எடுக்க வேண்டாம்" என்றார். ஆசிரியை அன்றிரவு சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் கைகூப்பி நின்றார்.

இன்று ஜன்னல் வழியாகக் கணக்கு வாத்தியார் தலையை நீட்டினார். "என்ன மிஸ், கூட்டம் போதுமா, இன்னும் அனுப்பவா?"

"அனுப்புங்க சார். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே போனார். நல்ல மனிதர், பாவம், எப்போதும் சிரித்த முகம்.

கடைசியாக வந்த சிறுமி ஆறாம் வகுப்பு. கண்கள் சிவந்திருந்தன. புத்தகம் திறக்காமலே மடியில் கிடந்தது. மணி அடித்ததும் மற்றவர்கள் விழுந்தடித்து ஓட, சிறுமியும் எழுந்தாள்.

ஆசிரியை அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். "இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாடா? இருந்து நிதானமாப் படி. கணக்கு சார்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நாளைக்கும் உன்னையே அனுப்பச் சொல்றேன்."

சிறுமியின் முகம் வெளுத்துவிட்டது. "வேணாம் மிஸ். இனிமே நான் பேசவே மாட்டேன் மிஸ்."

"மெதுவாப் பேசினா ஒண்ணும் தப்பில்லடா தங்கம்" என்று ஆசிரியை சிரித்தார்.

சிறுமி வாசல் வரை போனவள், தயங்கி நின்றாள். சுற்றிலும் நிற்கும் அலமாரிகளையும் அவற்றின் நடுவே தனியாக நிற்கும் ஆசிரியையின் நரைத்த தலையையும் பார்த்தாள். என்ன தோன்றியதோ, திரும்பி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காதபடி இரக்கத்தோடு கேட்டாள்:

"கிளாஸ்ல பேசினதுக்கு எனக்கு ஒரு பீரியட்தான் மிஸ். உங்களை நாள் பூரா இங்க உட்கார வச்சிருக்காங்களே, நீங்க என்ன தப்பு பண்ணீங்க?"