பூஜ்யத்துக்குப் பரிசு

"வெட்கமா இல்லையா, சைகால்? போன வருஷம் ரெண்டு புகார். இந்த வருஷம் இருபது!"

மாவட்டத் தலைவர் மேஜையைத் தட்டினார். கூட்டத்துக்கு வந்திருந்த ஊர்த் தலைவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைக் கம்பளித் தொப்பிகளுக்கு நடுவே பூப்போட்ட தலைத்துணி கட்டியிருந்தவள் சைகால் ஒருத்திதான்.

புருஷன் அடித்தான் என்று பெண்கள் கொடுத்த புகார்களைப் பற்றித்தான் பேச்சு.

"கணவாய்க்கு அந்தப் பக்கம் ஜும்கல்பெக்கோட ஊரைப் பாருங்க. ஒரு புகார் உண்டா? பூஜ்யம்! அதனாலதான் சிறந்த ஊர்னு பரிசு."

முன்வரிசையில் ஜும்கல்பெக் எழுந்து நின்று வணங்கினார். சற்று முன்புதான் அவருக்குப் பொன்னிழை வேலை செய்த நீண்ட அங்கியைப் போர்த்தியிருந்தார்கள்.

"அதெல்லாம் வளர்ப்புங்க" என்றார் மீசையைத் தடவிக்கொண்டு. "எங்க ஊர்ப் பொண்ணுங்க வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவர மாட்டாங்க. சைகால் தங்கச்சி ஊர்ல ஆம்பளைங்கதான் முரடோ, பொம்பளைங்கதான் வாயாடியோ, யாரு கண்டா!"

கூட்டம் சிரித்தது.

"குதிரை மைதானத்துக்கு வந்த பணத்தை எடுத்து அடுப்பு வச்ச அறை கட்டினாளே, அப்பவே சொன்னேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இடம் கொடுத்தா வரத்தானே செய்வாங்க!"

சைகால் எழுந்தாள்.

"அவர் சொன்னது சரிதான். இடம் கொடுத்தோம், வந்தாங்க."

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

"முன்னாடி எங்க ஆஸ்பத்திரிக்குக் கை உடைஞ்சு வர்ற பொம்பளைகிட்ட என்ன ஆச்சுன்னு கேட்டா, பனியில வழுக்கிட்டேன்னு சொல்லுவா. ஜூலை மாசத்துலயும் பனியில வழுக்குவா. புகார் கொடுத்துட்டு ராத்திரி எங்க போய்ப் படுப்பா? பிள்ளைகளுக்கு ரொட்டி யார் தருவா? அதான் ஒரு அறை கட்டினோம். ஒரு தையல்கூடம் திறந்தோம். மலை ஊர்கள்லேர்ந்து அவங்களை அழைச்சுட்டு வர வேன் விட்டோம். அடி கூடலைங்க. அடி வாங்கினேன்னு சொல்ற தைரியம் கூடியிருக்கு."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு" என்றார் மாவட்டத் தலைவர். "ஆனா மேலே கேட்டா நான் என்னத்தைச் சொல்றது? இருபதுன்னா சொல்றது?"

"இருபதுன்னே சொல்லுங்க. கூடவே இன்னொண்ணும் சொல்லுங்க. எங்க ஊர்ல ஒவ்வொரு குளிர்காலமும் ஒருத்தியையாவது புதைப்போம். மாரடைப்புன்னு சொல்லுவோம், மாடியிலேர்ந்து விழுந்துட்டான்னு சொல்லுவோம். இந்தக் குளிர்காலம் ஒரு குழியும் தோண்டல."



ஜும்கல்பெக்குக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி கதை நல்லாச் சொல்லுது! அப்படி யாரு யாரு வந்தாங்கன்னு பேரைச் சொல்லட்டுமே. நிஜமா, கணக்கு காட்டப் போட்டதான்னு தெரிஞ்சுபோயிடும்."

"நியாயம்தானே?" என்றார் மாவட்டத் தலைவர். "பேர்களைச் சொல்லுங்க, சைகால். சொன்னா அடுத்த வருஷமும் அந்த அறைக்குப் பணம் ஒதுக்கலாம். இல்லேன்னா கஷ்டம்."

சைகால் ஜும்கல்பெக்கை ஒரு கணம் பார்த்தாள்.  பிறகு தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"பேர் சொல்ல மாட்டோம்னு வாக்குக் கொடுத்துத்தான் உள்ளே விட்டிருக்கோம்."

"அப்ப பணம் கிடையாது."

"வேண்டாங்க. எங்க ஊர்ல ஆடு இருக்கு, கம்பளி இருக்கு, தைக்கறதுக்கு இருபது ஜோடிக் கை இருக்கு. நாங்களே நடத்திக்கறோம்."

நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தாள்.

வாசலில் தொப்பியைக் கையில் பிடித்தபடி அடுத்த பள்ளத்தாக்கின் தலைவர் காத்திருந்தார். வயதானவர். உள்ளே வாயே திறக்காதவர்.

"அம்மா, அந்த வேன் எங்க ஊருக்கும் வருமா?"

"வாரம் ஒரு நாள் அனுப்பறேன், அண்ணே. உங்க ஊர்க் கணக்கும் ஏறிடும், பரவாயில்லையா?"

"ஏறட்டும்மா" என்றார் அவர்.

நாரின் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது சைகால் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். இரண்டு இருபதானதை நினைத்து இத்தனை பெருமைப்படுகிறவள் இந்த உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

ஊர் வந்து சேர்ந்ததும் நேரே அந்த அறைக்குப் போனாள். அடுப்பு கணகணவென்று எரிந்தது. தையல்கூடத்திலிருந்து பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கையில் மாவுக்கட்டுடன் பெகிமாய் ஒற்றைக் கையால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முந்தின வாரம் பனியில் கணவாய் கடந்து வந்த பெண். புருஷன் கையை உடைத்தபோது முதலில் பிறந்த வீட்டுக்குத்தான் ஓடினாளாம். வாசலிலேயே நிறுத்தி, 'குடும்ப மானம் போயிடும், திரும்பிப் போ' என்று அனுப்பிவிட்டார்களாம்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"குறைஞ்சிருக்குக்கா. நாளையிலேர்ந்து பித்தானாவது தைக்கறேன்னு சொல்லியிருக்கேன்." கிண்ணத்தை நீட்டினாள். கொஞ்சம் தயங்கினாள். "கூட்டம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"ஜோரா முடிஞ்சுது."

"அக்கா..." பெகிமாய் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எங்கப்பாவுக்கு அந்தப் பொன் அங்கி கிடைச்சுதா? ரொம்ப வருஷமா ஆசைப்பட்டார்."

சைகால் தேநீரை ஒரு வாய் குடித்தாள்.

"கிடைச்சுதும்மா. நான்கூடக் கை தட்டினேன்."