மான் தின்ற நோட்டீஸ்

“கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்குமோ?” என்று கேட்டுக்கொண்டே வாளியை இறக்கினார் வந்தவர்களில் மூத்தவர்.

இராசமலருக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. ஓர்ஸ் ஹில்லில் இந்த இரண்டறை வீட்டை வாங்கி, வெள்ளையடித்து, மூன்று மாதம் ஆகிவிட்டது. வாடகைக்குக் கேட்டு ஒரு காகம்கூட வரவில்லை. இன்றைக்குத்தான் ஒரு பழைய காரில் மூன்று பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள்.

குறை வீட்டில் இல்லை, மானில். வாசல் கேற்றில் ‘வீடு வாடகைக்கு’ என்று நோட்டீஸ் ஒட்டுவாள். மத்தியானத்துக்குள் மான் வந்து அதைத் தின்றுவிடும். ஊருக்குள் திரிகிற எத்தனையோ மான்களில் இந்த ஒரு மானுக்கு மட்டும் வாசிக்கத் தெரியும் என்பது இராசமலரின் முடிவு. பக்கத்து மதிலில் ஒட்டியிருந்த டியூசன் விளம்பரத்தை அது மணந்துகூடப் பார்ப்பதில்லை. கோதுமை மாப் பசைதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். அவள் நம்பவில்லை. இன்று காலையும் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸியாக இரவு டியூட்டி, பகல் டியூட்டி என்று ஓடிய ஓட்டத்தில் கலியாணம் கட்ட மறந்துபோனவள் இராசமலர். ஓய்வு பெற்றதும் கையில் கிடைத்ததை இந்த வீட்டில் போட்டாள். அன்புவழிபுரத்தில் இருக்கும் அண்ணன் சிவகுருநாதன் அன்றைக்கே சிரித்தார்.

“எங்கட ஊரில பொம்பிளை பேரில வீடு வாங்கிறது கலியாணத்துக்கு. உனக்கு என்னத்துக்கடி?”

இந்த வெள்ளிக்கிழமைக்குள் ஆள் வராவிட்டால் தன் கூட்டாளிக்கு வீட்டை விற்றுவிட வேண்டும் என்றும் சொல்லி, அவளிடம் சத்தியமும் வாங்கிவிட்டார். இன்று வியாழன்.

வந்த பெண் தன்னைத் தயாளினி என்றாள். தண்ணீர் குடித்துப் பார்ப்பவர் அவளுடைய அண்ணன் தம்பிராசா. கார் ஓட்டிவந்த இளைஞன் கிருஷாந்த். முற்றத்து நிழலில் போனைப் பார்த்துக்கொண்டு அடக்கமாக நின்றான். குடியிருக்க வரப்போகிற மகன் போல.

“வீடு பிடிச்சிருக்கோ, தம்பி?” என்று கேட்டாள் இராசமலர்.

“நான் என்னத்தைச் சொல்ல, அன்ரி? பெரியாக்களுக்குப் பிடிச்சாச் சரி.”

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று இராசமலர் உருகிப்போனாள்.

தண்ணீர் நல்லதென்று தலையாட்டிய தம்பிராசா ஏணி கேட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூரைக்கு ஏறினார். விழுந்துவிடப் போகிறார் என்று இராசமலர் பதறினாள். மேலேயிருந்து சாவகாசமாகக் குரல் வந்தது.

“மூண்டு ஓடு வெடிச்சிருக்கு. பயப்பிடாதேங்கோ, நானே மாத்தித் தாறன்.”

ஓடு மாற்றித் தருகிற மாமனோடு வாடகைக்கு வருகிறவன் உலகத்தில் வேறு எங்கே கிடைப்பான்? இராசமலர் உள்ளே கதிரை போட்டுத் தயாளினியை இருத்தினாள்.

“வீடு உங்கட பேரிலதானே, மிஸ்ஸி?” தயாளினி முதலில் கேட்டது அதைத்தான்.

“ஓம், முழுக்க என்ர பேரில. ஒரு கரைச்சலும் இல்லை.”

தயாளினியின் முகம் மலர்ந்தது. வாடகை எவ்வளவென்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. வசதியான ஆட்கள் போல என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்காரி கேட்கவேண்டியதை இராசமலர் கேட்டாள்.

“ஆள் குடி, சிகரெட்?”

“தொடமாட்டார். துறைமுகத்து ஆள். மாசம் பிறந்தா பேங்குக்குக் காசு வந்திடும்.”

“எத்தினை பேர் இருப்பினம்?”

“அவர் தனி ஆள். பிள்ளை குட்டி ஒண்டுமில்லை.”

அப்படியென்றால் புதுச் சுவரில் கிறுக்க ஆளில்லை. இராசமலருக்கு எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது.

“எவ்வளவு காலம் இருப்பார்?”

“இதென்ன கதை, மிஸ்ஸி? வந்தா வந்ததுதான். சாகுமட்டும் போகமாட்டார்.”

இராசமலருக்குத் திக்கென்றது. எழும்பாமல் வீட்டைப் பிடித்துக்கொள்கிற ஆட்களைப் பற்றி அண்ணன் நிறையச் சொல்லியிருக்கிறார்.

“முதல்ல ஒரு வருசத்துக்கு எழுதுவம். சரிவந்தா பிறகு நீட்டுவம்.”

தயாளினி வாயைப் பிளந்தாள். பிறகு, இந்தக் காலத்துக்கு அதுவும் நல்ல ஏற்பாடுதான் என்று ஒப்புக்கொண்டாள்.

இராசமலர் அந்த இடத்திலேயே அண்ணனுக்குப் போன் போட்டாள். “அண்ணா, ஆள் சரிவந்திட்டுது. தங்கமான ஆள். கூட்டாளியை வேற வீடு பாக்கச் சொல்லுங்கோ.”

அண்ணனுக்கே சொல்லியாயிற்று என்றதும் தயாளினி கண்களைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் முற்றத்துக்கு வந்தார்கள். கேற்றடியில் மான் நின்று, நோட்டீஸின் கடைசித் துண்டை வாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்தது. இராசமலருக்குக் கோபம் வரவில்லை. தின்னட்டும், இனி அது எதற்கு?

“உங்களுக்கு ஆர் சொன்னது, என்ர வீட்டைப் பற்றி?”

“மீன் சந்தையில எல்லாரும் இதே கதைதானே, மிஸ்ஸி.”

மான் முந்துவதற்குள் யாரோ வாசித்திருக்கிறார்கள் என்று இராசமலர் மகிழ்ந்தாள். கிருஷாந்தை வாஞ்சையோடு பார்த்தாள்.

“அப்ப, தம்பி எப்ப வந்து இருக்கப்போறார்?”

“கிருஷாந்தோ? அவன் எங்களை ஏத்திக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுப் பொடியன்” என்றாள் தயாளினி. “மாப்பிள்ளை கூரையில நிக்கிறார். உங்களுக்குச் சம்மதமெண்டாச் சொல்லுங்கோ, இறங்கி வரச் சொல்லுறன்.”

இராசமலர் நிமிர்ந்து கூரையை ஒருதரம் பார்த்தாள். பிறகு போய், ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.