புது அடுப்பின் வாடை

மலைமேல் ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்த இரும்பு விறகடுப்புக்கு அன்றுதான் முதல் நெருப்பு. கறுப்புப் பெயிண்ட் பளபளக்க, யார் முதலில் குளிர்காய வருவார்கள் என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தது. பூனை வந்தது. வந்ததும் மூக்கைச் சுளித்தது.

“வாடை தாங்கலையே.”

பாவம், வாடைக்காற்றில் நடுங்குகிறது போல என்று நினைத்த அடுப்பு, இன்னும் கொழுந்துவிட்டு எரிந்தது. பூனை தும்மியது.

“வாடை முன்னைவிட அதிகமாயிருச்சே.”

அடுப்பு தம் பிடித்து எரிந்தது.

ஜன்னலுக்குப் பொறுக்கவில்லை. “அட அசடே, அது காத்தைச் சொல்லலை. உன் உடம்புல பெயிண்ட் வேகுற வாடையைச் சொல்லுது” என்றபடி படாரென்று திறந்துகொண்டது.

அடுப்புக்கு வெட்கமாகப் போய்விட்டது. பற்றிய நெருப்பைப் பாதியில் விடவும் முடியாது, எரிந்தது. பொழுது சாய்வதற்குள் பெயிண்ட் இறுகி, நெடியெல்லாம் ஜன்னல் வழியே போய்விட்டது. அதே வழியில் மலைக்காற்று உள்ளே வந்தது.

வெளியே போயிருந்த பூனை திரும்பி வந்து அடுப்போரம் சுருண்டது.

“இன்னும் வாடை அடிக்குதே” என்று முனகியது.

அடுப்பு இந்தத் தடவை அவசரப்படவில்லை.

“எந்த வாடை?” என்று கேட்டது.