கிருமி இல்லாத ஒட்டகங்கள்

"பச்சை ஒட்டகப் பாலைக் குடிச்சிட்டு என் மக மூணு வாரமா காய்ச்சல்ல கிடக்கா! எல்லாம் ஒட்டகத்துக் கிருமின்னு டாக்டர் சொல்லிட்டாரு!"

பாலிக் புலாவ் பண்ணையில் கதிர்காமநாதன் போட்ட கூச்சலில் ஒட்டகங்களே மிரண்டன.

"கோபப்படாதீங்க லா அண்ணே. எங்க ஆறு ஒட்டகமும் சுத்தம்," என்றார் பண்ணைக்காரர் இத்ரீஸ்.

"பொய்! ரத்தம் எடுத்துப் பார்த்தது யாரு?"

"யாரும் எடுக்கலை. கால்நடை டாக்டர் ஆபீஸ்ல இருந்தே சர்ட்டிபிகேட் அனுப்பிட்டாரு."

"பார்க்காமலே கையெழுத்தா? என் பிள்ளை உயிரோட விளையாடின அந்தப் படுபாவியைச் சும்மா விடமாட்டேன். கொண்டாங்க அதை!"

இத்ரீஸ் தாளை நீட்டினார். கதிர்காமநாதன் வெடுக்கென்று பிடுங்கினார்.

'கிருமித் தொற்று இல்லை' என்ற வரிக்குக் கீழே, கட்டுக் காகிதங்களோடு சேர்த்துப் படிக்காமலே அவரே போட்டுத் தள்ளிய கையெழுத்து இருந்தது. பக்கத்தில் 'கால்நடை மருத்துவர் கதிர்காமநாதன்' என்ற முத்திரை.