மூலையில் நிற்பவர்

"துவாய ஆரு எறியிற, சொல்லுங்க பாப்பம்? அடி வாங்கிறவன் இல்ல, புள்ள!"

அபுல் ஹஸன் தோளில் கிடந்த துவாயைத் தட்டிக் காட்டினார். ஒரு காலத்தில் கல்முனையில் குத்துச்சண்டை பழக்கிய, பேர்போன பொக்சிங் மாஸ்டர். எதிரே போனில் அவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்த றஸ்னா, நாம் அன்றாடம் கேட்கும் இங்கிலீசுப் பேச்சுகள் எங்கே பிறந்தன என்று பேஸ்புக்கில் போடுகிறவள்.

"தோல்விய ஒத்துக்கிட்டாத்தானே சேர், 'துவாய எறிஞ்சிட்டான்' எண்டு சொல்ற?" அவள் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது. மாஸ்டருக்குக் காது மந்தம். வாலிபத்தில் வாங்கிய குத்து என்பார். ஆனால் மூத்த மகளின் கலியாணத்துக்குப் பிறகுதான் அது ஒரேயடியாக மோசமாகிப்போனது.

"ஓம். ஆனா எறியிற, றிங்குல அவன்ட மூலையில நிக்கிற மாஸ்டர். முந்தி முகம் துடைக்கிற பஞ்சுத் துண்டத்தான் எறிஞ்சாங்களாம். அடிபடுறவனுக்கு ரோசம், செத்தாலும் நிப்பான். 'போதும், என்ட புள்ளய விடுங்க' எண்டு மூலையில நிக்கிறவன்தான் துவாய வீசோணும். வீசாதவன் மாஸ்டரே இல்ல!"

தேத்தண்ணீர் கொண்டுவந்த மூத்தவள் ஸுஹைறா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். முக்காட்டை எவ்வளவு இழுத்தும் கன்னத்து வீக்கம் மறையவில்லை.

"முகத்துல என்ன ராத்தா?" றஸ்னா கேட்டாள்.

"குளிக்கிற இடத்துல வழுக்கிட்டு."

வழுக்கியது அவளுடைய மாப்பிள்ளை றிஷாட்டின் கை. ஊர் வழக்கப்படி முன்வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதி, மருமகனை அதில் குடிவைத்துவிட்டு, கலியாணம் பேசி முடிந்திருந்த இளையவள் சிபானாவோடு பின்னறைக்கு ஒதுங்கியிருந்தார் மாஸ்டர். நடுவில் ஒரு சுவர்தான். கேட்காத காதுக்கு ஒரு சுவர் என்ன, ஒன்பது சுவர் என்ன?

ஸுஹைறா அவர் காதருகே குனிந்தாள். "வாப்பா, நாளைக்காவது என்னக் காதியார்ட்டக் கூட்டிப் போய் இந்தக் கலியாணத்தப் பிரிச்சித் தாங்க. இனி ஏலா வாப்பா."

"ஆ? சீனியா? காணும், போதும் மகள்."

அவள் வெறும் தட்டோடு திரும்பினாள்.

"'மணி காப்பாத்திச்சு' எண்டும் சொல்றாங்களே சேர்?"

"அதுவும் பொக்சிங்தான். ஒருத்தன் விழுந்து கிடப்பான், ரெபரி எண்ணுவார். எண்ணி முடியிறதுக்குள்ள மணி அடிச்சிட்டா தப்பினான். ஆனா என்ன, அடுத்த ரவுண்டு இரிக்கே! மணி மூச்சு வாங்கத்தான் உதவும்."

றஸ்னா நன்றி சொல்லிப் புறப்பட்டாள்.

அவள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டாள், முன்வீட்டுக் கதவு அறைந்து சாத்தப்பட்டது. காதியார் என்ற சொல் சுவர் தாண்டி றிஷாட்டின் காதில் விழுந்துவிட்டது. அவனுக்குக் காது நல்ல கூர்மை.

"என்னக் காதியார்ட்ட நிப்பாட்டப் போறியா?"

முதல் அடியிலேயே ஸுஹைறா சுவரோடு மோதி விழுந்தாள். அவன் மறுபடி கையை ஓங்கினான். அப்போதுதான் வாசலில் அந்தப் பாட்டுக் கேட்டது. பேக்கரிப் பாணைப் பாட்டுப் போட்டுத் தெருத்தெருவாக விற்கும் சாமித்தம்பியின் ஓட்டோ. பாட்டைக் கேட்டால் தெருவே அவரவர் வாசல் படலைக்கு வந்துவிடும். றிஷாட்டுக்குத் தெருவில் மரியாதை பெரிது. கையை இறக்கினான்.

"போ, போய்ப் பாண் வாங்கு. முகத்த மூடிக்கிட்டுப் போ."

எத்தனையோ தடவை இப்படித்தான். அடி தொடங்கினால் போதும், பாட்டு வந்துவிடும். வாங்கும் பாணையெல்லாம் கோழிதான் தின்கிறது.

படலையடியில் அவள் காசை நீட்டினாள். "உங்கள அல்லாஹ்தான் அனுப்புறான், சாமித்தம்பி அண்ணன்."

சாமித்தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் பாணைச் சுற்றினார். "எனக்குப் போன் எடுக்கிறது உங்கட வாப்பாதான், தங்கச்சி. 'துவங்கிட்டான், ஓடி வந்து பாட்டப் போடு' எண்டு குசுகுசுப்பார். நான் மெல்லமாக் கதைச்சாலும் அவருக்கு வடிவாக் கேக்குது. இளையவள்ட கலியாணம் குழம்பாம முடியும் மட்டும் இப்பிடிச் சமாளிப்பம் எண்டார்."

ஸுஹைறா திரும்பிப் பார்த்தாள். பின்னறை வாசலில் வாப்பா துவாயைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, காதில் கையைக் குவித்தபடி கேட்டார்:

"ஆரு மகள், பாண்காரனா வந்திரிக்கான்?"