உமெஹாரா கண்ட வெளிச்சம்

"உமெஹாரா-சானுக்கு எல்லாரும் ஒரு தடவை பலமா கை தட்டுங்க!" என்றார் வானியல் சங்கத் தலைவர் நிவா.

இருபது பேரும் தட்டினார்கள். உமெஹாரா எழுந்து இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

அவர் மனைவி தேநீர்த் தட்டோடு நின்றிருந்தாள். குனிகிறதைப் பார், குனிகிறதை!

போன செவ்வாய்க்கிழமை பொழுது சாய்ந்த நேரத்தில், வீட்டு மாடியில் தொலைநோக்கி வழியாக வியாழனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். எங்கிருந்தோ வந்த வால்நட்சத்திரம் ஒன்று அந்த ராட்சதக் கோளில் போய் மோதியது. ஓரத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம். இரண்டே விநாடி.

நேரத்தைக் குறித்தாள். வட்டம் வரைந்து, இடம் பார்த்துப் புள்ளி வைத்தாள். அடியில், எல்லாரும் போடுவதுபோலக் குடும்பப் பெயரை மட்டும் போட்டுச் சங்கத்துக்கு அனுப்பினாள்.

சங்கத்தில் உமெஹாரா என்றால் அவள் கணவர்தான். அவள் உமெஹாரா வீட்டம்மா, தேநீர் கொண்டுவருகிறவள்.

இன்று காலை, ஜப்பானின் தென்கோடியில் ஒகினாவாத் தீவுக்காரர் ஒருவரின் கேமராவிலும் அதே விநாடியில் அதே வெளிச்சம் பதிவாகியிருந்தது தெரியவந்தது. சாட்சி கிடைத்துவிட்டது. முதலில் கண்டவரின் பெயர் இனி உலகத்துக்கே போகும். அதற்கான தாளில் 'உமெஹாரா' என்று எழுதிவிட்டு, பக்கத்தில் கணவரின் சொந்தப் பெயரான 'தெட்சுஜி'யைச் சேர்க்கத்தான் நிவா பேனாவைத் தூக்கியிருந்தார்.

இந்த மனுஷன் இப்போது வாயைத் திறப்பார், இப்போது திறப்பார் என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். திறந்தார்.

"ஏதோ, நம்ம அதிர்ஷ்டம்."

அடப்பாவி!

"வெளிச்சம் என்ன நிறம்னு எழுதணுமே, சொல்லுங்க" என்றார் நிவா.

உமெஹாரா மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்குறீங்க?" அவள் தட்டை ணங்கென்று வைத்தாள். "ஓடி வாங்க, ஓடி வாங்கன்னு நான் மாடியில தொண்டை கிழியக் கத்தினப்ப, நீங்க குளியல் தொட்டியில உக்காந்து பாடிட்டுல்ல இருந்தீங்க!"

உமெஹாராவின் காது மடல் சிவந்துபோயிற்று.

நிவா பேனாவைப் பிடித்தபடி தடுமாறினார். இருபத்திரண்டு வருஷமாக அவள் கையால் தேநீர் குடிப்பவர்.

"அது வந்து... வீட்டம்மா, உங்க பேரு?"

அவள் பேனாவைப் பிடுங்கினாள். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள்.

மசுயோ.