தானே கரையும் நூல்

"தையலப் பிரிக்க வேண்டாம்மா, நூல் தானாக் கரைஞ்சிரும்" என்று மகளின் வயிற்று ஆபரேஷன் முடிந்ததும் நர்ஸ் சொன்னபோது மரியபுஷ்பத்துக்குத் திக்கென்றது. அவள் வேலை பார்க்கும் ஆலையில் விடுதிகளின் மிச்சச் சோற்றைப் புளிக்கவைத்து அமிலம் எடுக்கிறார்கள். இந்த மாதிரி நூல் அந்த அமிலத்திலிருந்துதான் செய்யப்படுகிறது. போன மழைக்காலத்தில் ஒரு தொட்டியில் வேறு வாடை அடித்தது. சூப்பர்வைசரிடம் சொன்னாள்.

"நூல் பண்றவங்க சுத்தம் பண்ணிக்குவாங்கக்கா, தொட்டி சரியா இருக்குன்னு கையெழுத்தப் போடுங்க."

போட்டுவிட்டாள்.

"இது எத்தன நாளு தாங்கும் சிஸ்டர்?"

"காயம் ஆறுற வரைக்கும் தாங்கும். பயப்படாதீங்க."

மயக்கம் தெளிந்த மகள் லேசாக இருமினாள். தையல் விட்டுப்போகுமோ என்று மரியபுஷ்பம் பாய்ந்துபோய் வயிற்றுக்கட்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்தாள்.

"ஏம்மா இப்படிப் புடிச்சிக்கிற?"

அழுத்தவும் பயமாக இருந்தது, எடுக்கவும் பயமாக இருந்தது. மகளுக்கு மறுபடியும் இருமல் வந்தது.